ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரர் அடுப்பைத் துறந்துவிட்டார். வேலையில் அல்ல, வயிற்றில். "ஒரு மாசத்துல அஞ்சு கிலோ குறையணும், இல்லன்னா சர்க்கரைக்கு தினமும் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிற மனுஷனுக்கு ஊசியென்றால் குலைநடுக்கம். போன் வீடியோவில் எவனோ ஒருவன் பச்சைக் காய் தின்றே பாதியாக இளைத்தேன் என்றான். போதாதா?

"நெருப்பு பட்டது எதுவும் இனிமே என் வயித்துக்குள்ள போகாது" என்று வீட்டில் அறிவித்தார்.

மனைவிக்குக் காற்றடித்தால் பறக்கிற உடம்பு. "நீங்க பச்சையா மெல்லும்போது நான் மட்டும் எப்படிங்க சுடச்சுட சாப்பிடுவேன்?" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். காலையில் கேரட், ராத்திரி முட்டைக்கோஸ். பக்கத்து வீட்டாருக்கு அவருடைய ஆரோக்கிய உபதேசம் வேறு, இலவசமாக.

கேன்டீனிலும் விரதம் பிசகவில்லை. மதியத்துக்கு டப்பாவில் வெள்ளரிக்காய்தான். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே! அண்டாவில் கொதிப்பதற்கு உப்பு பார்க்க வேண்டாமா? முன்பெல்லாம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். இப்போது வெள்ளரிக்காய்ப் பசியில் சொட்டு கரண்டியாயிற்று, கரண்டி கிண்ணமாயிற்று. மூன்று கிண்ணம் குடித்தும் சூப்பில் மிளகு சரிதானா என்ற சந்தேகம் தீரவில்லை. வறுத்த மீன் உள்ளே வெந்திருக்கிறதா என்று நடுத்துண்டைத் தின்றால்தானே தெரியும்?

மாதம் முடிந்தது. டாக்டரிடம் போய் எடை மெஷினில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"மெஷின் ரிப்பேர்" என்றார்.

கூட வந்திருந்த மனைவியையும் டாக்டர் ஏறச் சொன்னார். நாற்பத்தாறு. போன மாதம் ஐம்பத்திரண்டு இருந்தவள்.

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சாப்பிட்டீங்களா?"

"அதே கேரட்தான் டாக்டர். கேன்டீன்ல ருசி பார்க்கிறதோட சரி. அது வேலைதானே, சாப்பாட்டுல சேருமா?"

"எவ்வளவு பார்ப்பீங்க?"

சொல்லத் தொடங்கினார். மீனுக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. மனைவி தொளதொளத்த வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டு நின்றாள். டாக்டர் ஊசி எழுதினார். ஊசிப் பயம்கூட மறந்துபோகிற அளவுக்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, அவளுக்குப் பிடித்த காய்கறி சூப் வைத்தார். கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"உப்பு சரியா இருக்கா பாரு."

"நீங்க பார்க்கலையா?"

"நான் பார்த்தவரைக்கும் போதும்மா."

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். காலிக் கரண்டியை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"சரியாத் தெரியலையே. ஒரு கிண்ணம் ஊத்துங்க, பார்க்கிறேன்."