இபு சுமிரா படிக்காமல் விட்ட வரி

1

இந்தக் கதை எனக்குச் சலவைக்கடையில் கிடைத்தது. யோக்யகர்த்தாவில் நான் குடியிருக்கும் சந்தில் இபு சுமிரா நடத்தும் கடை அது. என் சட்டைகள் காயவில்லை. காத்திருந்த நேரத்தில் அவர் சொல்ல ஆரம்பித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு வெனிங்கிடம் கேட்டேன். அதே கதை வேறு மாதிரி வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(இங்கே வயதில் பெரிய பெண்களை ‘பு’ என்று சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் நீட்டி வாசித்தால் பூவாகிவிடும். சுமிராவைத் தெரிந்தவர்கள் அவரைப் பூ என்று சொல்லமாட்டார்கள். அதனால் முழுதாக ‘இபு’.)

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

வெனிங்குக்குப் பார்வை கிடையாது, ஆனால் அவளுடைய செவிகளோ— வேண்டாம். இதை அவளுடைய கணினி அவளுக்குப் படித்துக் காட்டினால் என் கதி என்ன?

ஒரு மொழி இன்னொரு மொழியோடு பேச முயலும்போது— இது கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வெனிங்கின் கணினி ஊமையாகக் கிடந்தது. இது இருக்கட்டும்.

வெனிங் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் நிரலை ஒன்பது வருடத்துக்கு முன் அவளே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினாள். குரல் மட்டும் அவள் செய்ததல்ல. அது ‘சுவாரா’ என்ற நிரல் நூலகத்தின் வேலை. வேறு யாரோ சி மொழியில் எழுதியது, கணினியின் அடித்தளத்தோடு நேராகப் பேசுவது. பைத்தான் ‘இதைச் சொல்’ என்று கேட்கும், சுவாரா சொல்லும். இரண்டையும் இணைக்கும் முப்பது வரிகள் வெனிங்குடையவை.

போன வாரம் பள்ளிக்கு யாரோ பதினொரு புதுக் கணினிகளை நன்கொடையாகக் கொடுத்தார்கள். பழையவற்றை வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது. புதியவற்றில் நிரல் வாயைத் திறப்பதற்குள் செத்தது. வெனிங் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திங்கள் காலை எட்டு மணிக்குப் பதினொரு பிள்ளைகளுக்கு இறுதித் தேர்வு. கணினி பேசாவிட்டால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கேள்வியைப் படித்துப் பதிலை எழுதுவார். வெனிங்கின் காலத்தில் அவளுக்கு எழுத வந்தவர், அவள் பதினாறு என்றதை அறுபது என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அந்த வருடம் கணக்கில் அவள் தேறவில்லை.

பிழைச் செய்தி திரையில்தான் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வேண்டிய குரல்தான் பிழையில் மாட்டிக் கிடக்கிறது.

(எழுத்தைப் படம்பிடித்துப் படிக்கும் கைபேசி என்னாயிற்று என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தாள். அது சுழியத்தை ‘ஓ’ என்றது, பாதி வரியை முழுங்கியது. காலையெல்லாம் போராடிவிட்டுத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாளாம்.)

சந்தே உறங்கிக்கொண்டிருந்தது. விழித்திருந்தவர் இபு சுமிரா மட்டும்தான். அவரோடு வெனிங் பேசி நாலு மாதம் ஆகிறது. சலவைக்கடை வானொலியின் சத்தத்தில் தன் கணினி பேசுவது கேட்கவில்லை என்று சந்தின் தலைவரிடம் வெனிங் புகார் கொடுத்ததிலிருந்து.

3

“இபு, உள்ள வரலாமா?”

“ரேடியோவ அணைச்சுத்தான் வச்சிருக்கேன். இப்ப என்ன புகார், எம்பாக்?”

“புகார் இல்ல. உங்க கண்ணு வேணும். ஒரு மணி நேரம்.”

(‘எம்பாக்’ என்றால் அக்கா. வெனிங் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். கோபத்திலும் இங்கே மரியாதை குறையாது, அதுதான் வலிக்கும்.)

சுமிரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைமுன் உட்கார்ந்தார்.

“ஐயோ, இது இங்கிலீஷ்ல இருக்கு. நாப்பது வரி. எல்லாம் ஒரே மாதிரிதான். கடைசில மட்டும் கோவமா என்னமோ சொல்லுது.”

“அந்தக் கோவத்த எழுத்தெழுத்தா படிங்க.”

எழுத்தெழுத்தாக வந்தது. சுவாராவின் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு ‘இரண்டு’ ஒட்டியிருந்தது. பழைய பெயரில் தேடியதால் அகப்படவில்லை. வெனிங் மாற்றினாள். நூலகம் ஏறியது. பேசப்போன நொடியில் ஒரே வரியோடு எல்லாம் செத்தது. காரணம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

சுவாரா கண்விழித்ததும் ஒரு முகவரி கொடுக்கும்: என் குரல் இந்த இடத்தில் இருக்கிறது என்று. ஒவ்வொரு முறை பேசச் சொல்லும்போதும் அதைத் திருப்பித் தரவேண்டும். சுவாரா கொடுத்த முகவரியை மேலேயும், பைத்தான் கைக்கு வந்ததைக் கீழேயும் அச்சிடவைத்தாள் வெனிங்.

“மேல?”

“ஏழு, எஃப், மூணு, ஏ. ஒண்ணு, சி, சைபர், நாலு, ரெண்டு, சைபர், பி, சைபர்.”

“கீழ?”

சுமிரா திரையில் விரலை வைத்து இரண்டு வரிகளையும் ஒப்பிட்டார்.

“இபு?”

“இரு. இது மேல இருக்கறதோட வாலு. முன்னாடி நாலு எழுத்தக் காணோம், மத்ததெல்லாம் அதேதான். துணில தைக்கற நம்பர் சீட்டு பாதி கிழிஞ்சு வந்தா இப்படித்தான் இருக்கும். யாரோட துணின்னு தெரியாம எவன் வீட்டுக்கோ போயிடும்.”

வெனிங் நாற்காலியில் சாய்ந்தாள். பழைய கணினிகளில் முகவரி எட்டெழுத்துக்குள் அடங்கிவிடும். புதியவற்றில் பன்னிரண்டு. திரும்பி வரும் முகவரி எவ்வளவு பெரியது என்று அவள் அந்த முப்பது வரிகளில் சொல்லவேயில்லை. சொல்லாவிட்டால் பைத்தான் அதைச் சின்ன எண்ணாக நினைத்துத் தலையை வெட்டிவிடும். வாரமெல்லாம் நன்கொடை கொடுத்தவரைத் திட்டியிருக்கிறாள்.

“தப்பு என்னோடது, இபு. ஒம்பது வருசமா.”

“ஒம்பது வருசம் ஓடிச்சில்ல? என் வாஷிங் மெஷின் மூணு வருசந்தான் ஓடிச்சு.”

ஒரு வரி சேர்த்தாள். மறுபடி செத்தது. (இதை வெட்டப் பார்த்தேன், கதை இழுக்கிறதே என்று. வெனிங் விடவில்லை: “மொத தடவையே சரியாச்சுன்னு எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”) முகவரி வரும்போது முழுசாக வந்தது, திருப்பித் தரும்போது மீண்டும் தலை போயிற்று. அதற்கு இரண்டாவது வரி சேர்த்தாள்.

4

கணினி கனத்த ஆண்குரலில் பேசியது. காலையில் வெனிங் சோதனைக்காக அடித்துவைத்த வாக்கியம் அது:

“பக்கத்து வீட்டு ரேடியோ வெடித்துச் சிதறட்டும்.”

வெனிங் சுமிராவின் பக்கம் திரும்பினாள்.

“இது திரையில இருந்துச்சா?”

“மொத வரியே அதுதான்.”

“படிக்கவே இல்லையே நீங்க!”

“நீ தேடினது அது இல்லையே.”

வெனிங்குக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். இந்த இடத்தில் இருவரையும் கட்டிக்கொள்ள வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். இருவருமே மறுத்தார்கள். இஸ்திரிப்பெட்டி சூடேறிக்கிடந்தது, ஓடிவிட்டேன் என்கிறார் சுமிரா.

5

திங்கள் காலை ஏழு மணிக்குப் பதினொரு கணினிகளிலும் சுவாராவின் புதுப் பெயரும் அந்த இரண்டு வரிகளும் ஏறின. எட்டு மணிக்குக் கதவை மூடினார்கள். ஆசிரியைக்கு உள்ளே அனுமதியில்லை. பிள்ளைகள் காதொலிப்பான் மாட்டியிருந்தார்கள். அதனால் பதினொரு குரல்கள் பேசினாலும் சரி, ஒன்றுகூடப் பேசாவிட்டாலும் சரி, வெளியே ஒரே நிசப்தம். வெனிங் கதவில் காதை வைத்தும் பயனில்லை.

சுமிரா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றார்.

“என்ன தெரியுது, இபு? எதையும் விடாம சொல்லுங்க.”

“விரலெல்லாம் ஓடுது. ஒண்ணு, ரெண்டு... பத்து பேருக்கு ஓடுது.”

“பதினொண்ணு?”

“நம்ம சந்து லாரஸ் மட்டும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.”

அவள் கணினி ஊமையா, அவள் யோசிக்கிறாளா? முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்கிறார் சுமிரா. ஐந்து நிமிடம் குரல் வரவில்லை, பிறகு வந்தது என்கிறாள் வெனிங். லாரஸ் தினமும் என் வாசல் வழியாகத்தான் போகிறாள். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. பத்துப் பேரை நான் கரைசேர்த்துவிட்டேன். அவளை உங்களிடம் விடுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள், அவளுக்குத் தேர்வு முடிய இன்னும் எண்பது நிமிடம் இருக்கிறது.