வெளுத்த சாயம்

ஆரணிப் பட்டுக்கடை ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களைப் படிப்பது சூர்யகலாவின் வேலை. அதற்கும் ஒரு ஏஐயைக் கொண்டுவந்து வைத்தார் முதலாளி தணிகாசலம். உருவகம் எது, நேர்ப்பொருள் எது என்று அதுவே பிரித்துவிடுமாம். விற்க வந்த அருள்மணி அளந்த அளப்பு அப்படி.

முதல் நாளே சேத்துப்பட்டிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: "உங்க கடை சாயம் ரெண்டே மாசத்துல வெளுத்துப்போச்சு."

ஏஐ விளக்கியது: "இது உருவகம். புடவையைப் பற்றிய புகார் அல்ல. கடைக்காரரின் வேஷம் கலைந்துவிட்டது என்கிறார்." கீழே, கணிப்பு சரியா தவறா என்றும் கேட்டிருந்தது.

பாதி ஊர் சாயத்தில் கை நனைத்துப் பிழைக்கிற இடத்தில் வந்து, சாயம் என்றால் உருவகமாம். படித்த முட்டாள் என்று நினைத்துக்கொண்டே 'தவறு' பக்கம் விரலைக் கொண்டுபோனாள்.

"இத பாருங்க, உங்க வேஷம் கலைஞ்சிடுச்சின்னு சொல்லிகினு இருக்குது" என்றாள் முதலாளியிடம்.

தணிகாசலத்தின் முகம் செத்துப்போனது.

"மட்டச் சாயம் போட்டது இதுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

சூர்யகலாவுக்கே அது அப்போதுதான் தெரியும். விரலை நகர்த்தி 'சரி'யை அழுத்தினாள்.