‘ம்’ சொல்லும் நாற்காலி

1.

இது திருட்டுக் கதை. இதை எழுதிக்கொண்டிருக்கும் மனிதர் சொந்தமாக யோசித்தது எதுவும் இதில் இல்லை. கூடத்தில் அவருடைய ஐந்து வயது மகளும் எதிர்வீட்டுப் பையனும் விளையாடியதைக் கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டுச் சுட்டது. அவர் பத்திரிகைகளுக்குக் குழந்தை வளர்ப்புக் கட்டுரை எழுதுகிறவர். இன்றும் ‘விளையாடிப் பழகும் குழந்தைகள்’ என்ற கட்டுரைக்காகத்தான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அது கதையாகிப் போனதற்கு அவர் பொறுப்பில்லை. ஒரு நாற்காலிதான் காரணம்.

2.

முதல் வரி: ‘குழந்தை ஒரு கண்ணாடி, அதில் நாம் நம்மையே...’

(வேண்டாம். போன மாதமே எழுதியாயிற்று.)

மறுபடியும்: ‘பெரியவர்களைப் பார்த்துச் செய்வதன் மூலமே குழந்தைகள் சமூகத்தில்...’

இந்த இடத்தில்தான் கூடத்தில் சண்டை மூண்டது. அம்மா அப்பா விளையாட்டு. இரண்டு பேருக்குமே அம்மா வேஷம்தான் வேண்டுமாம்.

“நேத்து முழுக்க நீதானே அம்மா? இன்னைக்கு நான்,” என்றான் பையன்.

“சரி, நான் பாப்பா. அப்பா யாரு?”

“அப்பாவுக்கு வேலையே இல்லையே. சும்மா உக்காந்து ‘ம்’ சொல்லணும். அதுக்கு எதுக்கு ஆளு?”

மகளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகில் ஒரு சட்டையை மாட்டினாள். அப்பா தயார்.

[அந்தச் சட்டை, இதை எழுதுபவருடையது. கதையில் வரும் அப்பா வேறு யாரோ என்று காட்டுவதற்காக அவரை வங்கி அதிகாரியாக மாற்றிப் பார்த்தார். காலரில் இருந்த மைக்கறை காட்டிக்கொடுத்துவிட்டது.]

3.

நாற்காலி வெளுத்து வாங்கியது.

“அப்பா, யானை நம்ம சோபாவத் தின்னுடுச்சு.”

“ம்,” என்று நாற்காலிக்குக் குரல் கொடுத்தான் பையன்.

“அப்பா, நீ ஒரு தவளை.”

“ம்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதுபவருக்கும் வாயெல்லாம் பல். கட்டுரைக்கு நல்ல தீனி என்று குறித்துக்கொண்டார். அந்த ‘ம்’* அச்சு அசலாக இருந்தது.

“அப்பா, நாளைக்கு ஸ்கூல் டிராமாவுல நான் மரம். வருவியா?”

“ம்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மகள் சட்டைக் காலரை நீவிவிட்டுப் பையனிடம், “அப்பா வர மாட்டாங்க,” என்றாள். சாயங்காலம் மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

எழுதுபவருக்குப் பகீரென்றது. மகள் அவரிடம் யானையைப் பற்றிச் சொன்னது நேற்று. தவளை அதற்கும் முன்னால். மரம் இன்று காலையில். மூன்றுக்கும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ம்’ கொட்டியிருக்கிறார்.

* ‘ம்’ கொட்ட ஆளில்லாவிட்டால் கதை சொல்பவர் நிறுத்திவிடுவார். ‘ம்’ மட்டுமே கிடைத்தால் என்ன செய்வார் என்பதைப் பற்றி இவர் இன்னும் கட்டுரை எழுதவில்லை.

4.

முடிவு ஒன்று: அப்பா ஓடிப்போய் மகளை வாரி அணைத்துக்கொள்கிறார். கண்களில்...

(பத்திரிகையில் உடனே போட்டுவிடுவார்கள். அதுதான் உதைக்கிறது.)

முடிவு இரண்டு, நடந்தது: அவர் கூடத்துக்குப் போனார். சட்டையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நானே அப்பாவா இருக்கேனே.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் அவரைச் சோதித்துப் பார்த்தாள்.

“அப்பா, யானை நம்ம சோபாவத் தின்னுடுச்சு.”

“ஐயையோ, முழுசாவா? இனிமே நாம எங்க உக்காருறது? அது எந்தப் பக்கமா போச்சு?”

“தப்பு அங்கிள்,” என்றான் பையன். “அப்பா அப்படிப் பேச மாட்டாரு.”

“எந்திரிப்பா,” என்றாள் மகள், கனிவாகத்தான். “உனக்கு வரல. கீழ உக்காந்து பாத்துக் கத்துக்கோ.”

நாற்காலிக்கு மறுபடியும் சட்டை மாட்டப்பட்டது. குழந்தை வளர்ப்பு நிபுணர் தரையில் சம்மணமிட்டு, நாற்காலி எப்படி அப்பாவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அதற்கும் அந்த விளையாட்டில் இடமில்லை.

5.

மூன்றாவது முடிவு பள்ளிக்கூட அரங்கில் இருக்கிறது. நாளைக்கு மேடையில் ஒரு மரம் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். மரத்துக்குக் கண்ணை மட்டும் அசைக்க அனுமதி உண்டு. அது முதல் வரிசை நாற்காலிகளைப் பார்க்கும்.

அதை எழுத இந்த மனிதரை நம்பிப் பயனில்லை. எழுத உட்கார்ந்தால் அங்கே போக மறந்துவிடுவார். அதனால் உங்களிடம் விடுகிறேன். சொல்லுங்கள், அவர் போவார்தானே?

தயவுசெய்து ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.