திரும்பும் நான்கு கைகள்

குண்டு என்பது பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விழுந்த பெயர். இப்போது கன்னம் ஒட்டிப்போய், பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு அலைகிறான். ஆனாலும் வீட்டில் யாரும் பெயரை மாற்றவில்லை. அவன் இளைத்ததெல்லாம் அக்காவைக் கட்டிய அத்தானுடைய விமானம் செய்த வேலை.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு நாற்காலி, நாலு கை, கைக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு விசிறி. ஓடுபாதை எதுவும் இல்லாமல் நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பும், நேராக இறங்கும். எழும்பும்போது விசிறிகள் வானத்தைப் பார்க்கும். முன்னால் போக வேண்டுமென்றால் நாலு கையும் முறுக்கிக்கொண்டு, விசிறிகள் முன்பக்கம் திரும்பும். இந்தத் திரும்பும் கைகள்தான் அத்தானுக்கு உயிர். அவற்றைத் திருப்ப நாலு சின்ன மோட்டார் வைத்தார். அவை நழுவியதால் பூட்டு வைத்தார். பூட்டு விழுந்ததா என்று பார்க்க ஒரு சென்சார், அது பொய் சொன்னதால் அதை வேவு பார்க்க இன்னொரு சென்சார். அத்தானின் பட்டறையில் எது பழுதானாலும் அதற்குத் துணையாக ஒன்றைச் சேர்ப்பார்களே தவிர, எதையும் கழற்றிய சரித்திரம் கிடையாது.

சேர்த்தால் எடை ஏறாதா? அந்த எடை நாற்காலியில் உட்காருகிறவன் தலையில்தான் விழுந்தது. பூட்டு வந்தபோது குண்டுவின் இரவுச் சாப்பாடு போனது. இரண்டாவது சென்சார் வந்தபோது தலைமுடி போனது.

"முடியில என்ன அத்தான் எடை இருக்கப்போகுது?"

"உனக்கு முடி முக்கியமா, பறக்கிறது முக்கியமா?"

பறப்பதுதான் முக்கியம். படிப்பும் ஏறவில்லை, போன வேலையும் நிலைக்கவில்லை. பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவனை, ஆள் குண்டானாலும் குள்ளம், லேசாக இருப்பான் என்று அத்தான்தான் பிடித்து உட்கார வைத்தார். தரையை விட்டு எழும்பிய அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்று கைவந்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது. அதற்காகப் பட்டினி என்ன, அத்தான் கேட்டால் பல்லைக்கூடப் பிடுங்கிக் கொடுத்திருப்பான்.

அதனால்தான் அந்த விஷயத்தை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், மைதானத்துக்கு மேலே பூட்டு சிக்கிக்கொண்டு கைகள் திரும்ப மறுத்தன. பதற்றத்தில் குண்டு பின் மோட்டார்களை முடுக்கினான். பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து, விமானம் மொத்தமாகச் சாய்ந்தபடி சமர்த்தாக முன்னால் போனது. முன் மோட்டார்களை முடுக்கியதும் நின்றது. அவ்வளவுதான் சங்கதி. நாலு மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும், கைகள் திரும்பவே வேண்டாம்! இறங்கியதும் சொல்லத்தான் நினைத்தான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாமான்களெல்லாம் போனால் எடை போகும், எடை போனால் எவன் வேண்டுமானாலும் ஏறி உட்காருவான். பிறகு இவன் எதற்கு? சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான். அந்த நாட்களில் அவன் வயிறாற விழுங்கியது அது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் சென்சார் சூடாகிறது என்று அத்தான் அதற்கு ஒரு குட்டி விசிறி மாட்டினார். எடை மிஞ்சியது. குண்டுவை எடைமேடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவனிடம் கழிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அத்தானின் பார்வை, ஒயர் இழுத்துக்கொண்டிருந்த அக்கா பக்கம் மெல்லப் போனது.

"நீ இவனைவிட லேசு. நீ ஏறு. பாராசூட்டையும் கழட்டிட்டா சுகமாத் தூக்கும்."

அக்கா பல்லில் கடித்திருந்த ஒயரைத் துப்பினாள். "பாராசூட்டையா?"

"அது எப்பவாவதுதானே தேவைப்படும்."

"அப்படிப் பார்த்தா நீங்களும் எப்பவாவதுதான் தேவைப்படுறீங்க."

சொன்னாளே ஒழிய, கை ஹெல்மெட்டைத் தேடிப் போய்விட்டது. அந்த விமானத்தின் ஒயர் மொத்தமும் அவள் இழுத்தது. ஏறிப் பார்க்கிறாயா என்று அவளை ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அத்தான் ஸ்பேனரை எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் இருந்த பாராசூட் பையின் போல்ட்டைத் திருகினார். அந்தப் பட்டறையில் முதன்முதலாக ஒன்று கழற்றப்படுகிறது, அதுவும் உயிரைக் காப்பாற்றுகிற ஒன்று. குண்டு ஸ்பேனரைப் பிடித்து நிறுத்தினான்.

"கையை எடுங்க அத்தான்," என்று கத்தினான். குட்டி விசிறியைப் பிடுங்கி மேசையில் எறிந்தான். "கை நாலையும் பூட்டியே வெச்சிருக்கேன். வெளியே வந்து பாருங்க."

மைதானத்தை அவன் முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் சுற்றி வந்து இறங்கினான். அத்தான் அங்கிருந்த மரப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கை திரும்பலையே..."

"திரும்ப வேண்டாம் அத்தான்."

"எப்ப இருந்துடா தெரியும்?" என்று கேட்டது அக்கா.

"மழைக்காலத்துல இருந்து."

"மழைக்காலத்துல இருந்தா! ஒயர் இழுத்து இழுத்து என் விரல் தேஞ்சுபோச்சு. வாய்க்கு என்ன, பூட்டா போட்டிருந்த?"

"சொன்னா என்னை இறக்கிடுவீங்கன்னு பயம்க்கா."

இறக்க மாட்டோம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். அக்காவுக்குப் பொய் வராது. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அத்தான் முதல் பூட்டைக் கழற்றும்போது இழவு வீட்டு முகத்தோடுதான் கழற்றினார். நாலாவதைக் கழற்றும்போது பாட்டு வந்துவிட்டது. பாராசூட் பையின் போல்ட்டை மட்டும் அக்கா தானே முறுக்கி இறுக்கினாள். இப்போது விமானம் யாரையும் தூக்கும் என்ற தைரியத்தில் அத்தானே முதலில் ஏறினார். ஆள் உயரம் போனதும் "ஐயோ" என்று அலறி இறங்கி, சரிபார்க்கத் தேவையில்லாத எதையோ சரிபார்க்கப் போய்விட்டார். அடுத்து அக்கா ஏறினாள்.

மரங்களுக்கு மேலே அவள் போட்ட வட்டம் மாதிரி ஒன்றை குண்டு ஒருநாளும் போட்டதில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். நெஞ்சு எரிந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவனைப் பாடாய்ப் படுத்தின.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கியதும் நாற்காலியை நோக்கி ஓடினான்.

"எங்க வர்ற? எல்லாரும் நிக்கிறாங்கல்ல, வரிசையில வா," என்றாள் அக்கா.

திரும்பிப் பார்த்தால் பாதித் தெரு நின்றது. கடைசியில் தொப்பையும் தானுமாகப் பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர். அவருக்குப் பின்னால் போய் நின்றான்.

"தம்பி, நீ ஓட்டியிருக்கியாமே. ரொம்பக் கஷ்டமா?" என்று அவர் கேட்டார்.

"கஷ்டமே இல்லண்ணே. பின்னாடி முடுக்கினா போகும், முன்னாடி முடுக்கினா நிக்கும்," என்றான் குண்டு. வரிசை நகர்ந்தது, அவனும் ஒரு அடி நகர்ந்தான்.