படத்தில் இல்லாத படிக்கட்டு

அந்தப் படத்தை எல்லா விமர்சகர்களும் நார் நாராகக் கிழித்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் அரைத்த மாவு என்றார். இன்னொருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும் என்றார். வேறொருவர் இடைவேளையிலேயே வீட்டுக்குப் போய்விட்டாராம். அதைப் பெருமையாக வேறு எழுதியிருந்தார். பாராட்டி எழுதியது ஒரே ஒரு ஆள். அதுவும் யார்? கத்தரி!

கத்தரி என்பது பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற படத்தைக்கூட நாலு வரியில் நறுக்கிவிடுவாள். வெள்ளிக்கிழமை வருகிற அவளுடைய பத்தியைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் டிக்கெட் எடுப்பார்கள், மீதிப் பேர் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்வார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு விடலைப் பிள்ளைகள் படத்துக்கு உருகி உருகி எழுதினால் யார்தான் நம்புவார்கள்?

படத்தின் கதை ரொம்பச் சின்னது. பள்ளியில் யார் கண்ணிலும் படாத இரண்டு தோழிகள். ஆண்டுவிழா மேடையில் ஒருத்தி தடுக்கி விழுகிறாள். விழுகிற வேகத்தில் திரைச்சீலையைப் பிடிக்க, திரைச்சீலையோடு தலைமையாசிரியரும் வந்து விழ, பள்ளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மறுநாளிலிருந்து அவள் பெரிய ஆள். பேர்பெற்ற பிள்ளைகள் உட்காரும் மேசையில் அவளுக்கு இடம் கிடைக்கிறது, தோழி தனியாகிறாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கத்தரி பதில் எழுதியிருந்தாள். இடைவேளைக்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாமாம்.

“பள்ளியின் பின்பக்கப் படிக்கட்டு. மதிய வெயில் கம்பிகளுக்கு நடுவே விழுகிறது. ஒதுக்கப்பட்டவள் மூடி நசுங்கிய ஒரு சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேலேயிருந்து காலடிச் சத்தம் இறங்கி வருகிறது. வந்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை. ‘தள்ளி உக்காரு’ என்கிறாள். அவ்வளவுதான் வசனம். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள். சுவரில் நிழல் நீண்டுகொண்டே போகிறது. மணி அடிப்பதே இல்லை.”

தயாரிப்பாளருக்கு வாயெல்லாம் பல். ‘அந்தப் படிக்கட்டுக்காகவே பார்க்கலாம்’ என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார். ஜனங்களும் போனார்கள். பார்த்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல், “படிக்கட்டு எங்கய்யா?” என்று கேட்டார்கள். தியேட்டர் மேலாளர், “நான் எதையும் வெட்டலீங்க” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் இயக்குநரே வாயைத் திறந்தார். அப்படி ஒரு காட்சியைத் தான் எடுக்கவே இல்லை, எடுத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

பத்திரிகை ஆசிரியர் கத்தரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னம்மா இது? காசு வாங்கிட்டு எழுதினீங்கன்னு பேசிக்கிறாங்க. காசு வாங்கினவங்க இருக்கிற காட்சியைத்தானே புகழ்வாங்க, இல்லாத காட்சியை எதுக்குப் புகழணும்னு நானும் வாதாடிப் பார்த்துட்டேன்.”

“நான் பார்த்தேன் சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“அப்ப படிக்கட்டைக் காட்டுங்க. படிக்கட்டு இருந்தா பத்தி இருக்கும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை.”

அந்தப் பத்திதான் அவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, இத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமைக்காகவே வாழ்ந்தவள். தன் மேசைக்கு வந்து கண்ணை மூடினாள். மூடியதும் படிக்கட்டு வந்துவிட்டது. வெயிலில் தூசி மிதப்பது தெரிந்தது. கம்பியில் துருப்பிடித்த இடம் தெரிந்தது. இதைப் போய் இல்லை என்கிறார்களே, எல்லாருக்கும் கண் அவிந்துபோய்விட்டதா என்று நினைத்தாள்.

அப்போதுதான் மேசையில் இருந்த போன் அடித்தது.

“அடியே தூங்குமூஞ்சி! மறுபடியும் தூங்கிட்டியா?”

அந்தப் பெயர் இந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் மதியம் முதல் வகுப்பு தொடங்கினால் அவளுக்குக் கண் சொக்கிவிடும். கடைசி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் வாத்தியார் திரும்புகிற நேரம் பார்த்து விலாவில் ஒரு இடி இடிப்பாள். அந்த இடிக்காகவே அவளுக்கு முழங்கை என்று பெயர். எந்த வகுப்பிலும் இவள் மாட்டிக்கொண்டதில்லை என்றால் அது முழங்கையின் புண்ணியம். தூங்கிப் போன பாடத்தையெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில் அவளே கதைபோலச் சொல்லுவாள். பாதி அவளாகச் சேர்த்ததாக இருக்கும்.

பிறகு முழங்கை பள்ளி நாடகத்தில் சேர்ந்தாள். அடடா, என்ன கைதட்டல்! மறுநாள் மதியம் அவள் நாடகக்காரப் பிள்ளைகளோடு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். முழங்கை இவள் முகத்தைப் பார்க்காமல் “தள்ளி உக்காரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து வந்தவள் அந்த வருஷம் முழுக்கப் பின்பக்கப் படிக்கட்டில்தான் சாப்பிட்டாள். மேலே யார் நடந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் இறங்கி வரவில்லை.

“கேக்குதாடி?” என்றாள் முழங்கை. அவள் இப்போது இதே ஊரின் மறுகோடியில் பல் டாக்டர். “உன் பத்தியப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம கதைய யாரோ எடுத்துட்டாங்கன்னு, பல்லு பிடுங்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிட்டு ஓடினேன். இப்ப வரும், இப்ப வரும்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. அப்புறம்தான் அந்த நசுங்கின மூடி ஞாபகம் வந்துச்சு. அது உன் டப்பாடி. வேலியில மோதி நசுக்கினதே நான்தானே.”

கத்தரிக்குப் பத்திரிகையாளர் காட்சி நடந்த அந்தக் குட்டி அரங்கு நினைவுக்கு வந்தது. மெத்தென்ற நாற்காலி. இதமான குளிர். அக்காவின் பேரக்குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமும் இல்லை. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது படிக்கட்டு மட்டும்தான்.

“ஒண்ணு சொல்லணும்.” முழங்கையின் குரல் இறங்கிவிட்டது. “கனவுல ‘தள்ளி உக்காரு’ன்னு நான் சொல்றது பக்கத்துல உக்காரத்தான். நெசத்துல அப்படி இல்ல. அன்னைக்கு உன்ன விரட்டத்தான் சொன்னேன். நான் படியிறங்கி வரவும் இல்ல. நீதான் எனக்குப் பதிலா என்னை நல்லவளாக்கி எழுதி வச்சிருக்கே. படிக்கப் படிக்க வெக்கமா போச்சு.”

“நாளைக்கு இங்க ஆபீஸ் பக்கத்துத் தியேட்டர்ல மத்தியானக் காட்சிக்குப் போறேன்,” என்று மட்டும் சொன்னாள் கத்தரி. “தூங்கின பாதியைப் பார்க்கணும்.” அதற்குள் அந்தப் பக்கம் நர்ஸ் கூப்பிடும் குரல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அவள் நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், நான் தூங்கிட்டேன்.”

“எப்ப?”

“படத்துல. அது நான் கண்ட கனவு.”

ஆசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“இத வெளிய சொல்லாதீங்க. குறியீடுன்னு எழுதிடுங்க. படிக்கட்டுங்கிறது நட்போட குறியீடு, பாக்கிறவங்க மனசுல எழும்புற காட்சி, அப்படி இப்படின்னு நாலு வார்த்தை போடுங்க. குறியீடுன்னு சொல்லிட்டா எவனும் திருப்பிக் கேக்க மாட்டான். உங்க பத்தியும் தப்பிச்சுது, என் தலையும் தப்பிச்சுது.”

பூசி மெழுகிவிடலாம்தான். அவளுக்கும் ஆசை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து ஒரு வரி எழுதியும் பார்த்தாள். ‘அந்தப் படிக்கட்டு ஒரு குறியீடு.’ எழுதியதைத் திரும்பப் படித்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன குறியீடு? கல் படிக்கட்டு. உட்கார்ந்தால் சுடும். ஒரு வருஷம் முழுக்க அதில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அது குறியீடா? வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

“சென்ற வாரம் இந்தப் பத்தியில் சொன்ன படிக்கட்டுக் காட்சி படத்தில் இல்லை. நான் தூங்கிவிட்டேன். அது என் கனவு. படிக்கட்டை நம்பிப் போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் அந்தப் படிக்கட்டு நிஜம். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.”

ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதோட பத்தி முடிஞ்சுது. தெரியுதில்ல?”

“தெரியுது சார்.”

தெரிந்ததுதான். பேனாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் பத்திரிகை வந்தது. மத்தியானம் அவள் போனபோது, தியேட்டர் சுவரொட்டியில் படிக்கட்டு வரியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கும் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு, “மேடம், முழிச்சிருங்க!” என்று சிரித்தாள். கத்தரியும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

உள்ளே ஈ காக்கை இல்லை. வரிசை வரிசையாக நாற்காலிகள், மேலிருந்து கீழே இறங்கும் நடைபாதைப் படிகள், அவற்றின் ஓரத்தில் சின்னச் சின்னதாக எரியும் நீல விளக்குகள். நடைபாதையை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தாள். கையில் குறிப்பேடு இல்லை. யாருக்காகவும் எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்பதே கனவு மாதிரி இருந்தது. திரைச்சீலையோடு தலைமையாசிரியர் வந்து விழுந்தபோது தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

இடைவேளை முடிந்தது. இதோ, இங்கேதான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. திரையில் சாப்பாட்டுக் கூடம் வந்தது. பெரிய ஆளாகிவிட்ட பெண் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காட்சி மாறியது. விளையாட்டு மைதானம் வந்தது. அவ்வளவுதான். படிக்கட்டு வரவில்லை. வராது என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

அப்போது பின்னால், மேலேயிருந்து, காலடிச் சத்தம் இறங்கி வந்தது. நிதானமாக, ஒவ்வொரு படியாக.

கத்தரி திரும்பவில்லை. மறுபடியும் தூங்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். திரும்பினால் விழித்துக்கொள்வோம் என்று பயந்து மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் அவள் பக்கத்தில் வந்து நின்றது. பல் டாக்டர்களின் அறையில் அடிக்கிற மருந்து வாசனை அடித்தது. அரங்கு முழுக்க இடம் காலி.

“தள்ளி உக்காரு.”

அவள் அசையவில்லை. திரையின் வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

தோளில் ஒரு முழங்கை வந்து இடித்தது. நன்றாகவே வலித்தது.

கத்தரி தள்ளி உட்கார்ந்தாள்.