திரை விழட்டும்

பிள்ளைகள் பாடி, நடித்துக் கோடை விடுமுறையைக் கழிக்கும் அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் நடக்கிற நாளில் யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்லக் கூடாது. வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தாலும் சரி, அப்பாவும் அம்மாவும் பிரிந்தே போயிருந்தாலும் சரி, திரை விழுந்த பிறகுதான். முகாமை நடத்திய சால் லிண்ட்னர் கொண்டுவந்த வழக்கம் இது. பிள்ளைகளுக்கு அவர் சால் அங்கிள். ஒரு காலத்தில் யாரோ ஒரு பெண் மேடையேறும் முன் காதலன் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, பாட்டு நடுவில் விக்கி விக்கி அழுதாளாம். அன்றிலிருந்து நாடக நாளில் கடிதம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால் எல்லாருக்கும் ஒரே பதில்: "திரை விழட்டும்." பிள்ளைகளுக்கு அதில் பெருமை வேறு. உலகம் வாசலில் காத்திருக்கட்டும், நாம் பாடி முடிப்போம் என்கிற பெருமை. பதினாறு வயதில் அதைவிடப் பெரிய பெருமை வேறென்ன இருக்கிறது?

அந்தக் கோடையில் முகாமுக்கு ஒரு சினிமாக் குழு வந்து இறங்கியது. ஏரிக்கரை முகாமில் பாடி ஆடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு இசைப்படம், அதில் முகாம் பிள்ளைகளே நடிக்க வேண்டும். கதாநாயகியாக இலானா ப்ரேகரைத் தேர்ந்தெடுத்தார்கள். டோரி வாக்டலுக்குக் கிடைத்தது இலானா நிற்க வேண்டிய இடம். அதுவும் இலானா வரும் வரைக்கும்தான். இருவரும் ஒரே உயரம், ஒரே சுருட்டை முடி. விளக்கும் கேமராவும் சரிசெய்யும் வரை டோரி வெயிலில் நிற்பாள். எல்லாம் தயாரானதும் இலானா வருவாள், டோரி ஒதுங்கிக்கொள்வாள். இலானாவால் நடிக்க முடியாமல் போனால் டோரி நடிக்க வேண்டும் என்று பேச்சு. ஆனால் இலானாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

டோரிக்குப் படத்தின் எல்லாப் பாட்டும் தலைகீழாகத் தெரியும். இலானாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாதா என்று அவள் ஒருமுறை நினைத்ததும் உண்டு. நினைத்த மறுநிமிடமே வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் என்ன, அடுத்தவள் விழக் காத்திருக்கிறவள் என்று பிள்ளைகள் அவளுக்குக் 'கழுகு' என்று பேர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் இலானாவுக்கு விக்கல் எடுத்தால் போதும், "கழுகு வட்டம் போடுதுடா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இலானாவும் சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரிப்பில் விஷமில்லை. டோரியின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சிரிப்பாள், வீட்டிலிருந்து அம்மா அனுப்பிய கசகசா பிஸ்கட்டில் முதல் பங்கை டோரிக்குத்தான் கொடுப்பாள். ஆனாலும் அந்தப் பேர் டோரிக்கு முள் மாதிரி தைத்தது. பாதி உண்மையாக இருக்கிற கிண்டல்தான் அப்படித் தைக்கும்.

இலானாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு சரியில்லை என்பது இலானாவுக்கே தெரியாது. "நீ போய்ப் படத்தை முடிச்சுட்டு வா, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்று அம்மாதான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள்.

படப்பிடிப்பின் கடைசி நாள். படகுத்துறையில் முடிவுப் பாட்டு, அதில் ஒரே ஒரு ஷாட் பாக்கி. மறுநாள் காலை குழு ஊருக்குக் கிளம்புகிறது. மதியம் அலுவலகத்தில் போன் எடுக்கும் முறை டோரிக்கு. ஒரு கையில் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியோடு அவள் போனை எடுத்தாள். ஆல்பனி ஆஸ்பத்திரியிலிருந்து இலானாவின் அப்பா.

"இலானாவ உடனே கிளப்பி விடும்மா. அவ அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. ராத்திரிய தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

டோரியின் முகத்தைப் பார்த்ததுமே சால் அங்கிள் எழுந்து வந்து போனை வாங்கினார். இதோ அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தார். வைத்தவர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். அங்கே இலானாவுக்கு நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஆல்பனிக்கு இரண்டரை மணி நேரப் பாதை. அவர் மனதில் கணக்குப் போடுவது டோரிக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு ஷாட்தான்," என்றார். "மூணு மணிக்கு முடிஞ்சிடும். வண்டிய எடுத்து வாசல்ல நிறுத்தறேன். ராத்திரிக்கு இன்னும் நேரம் கிடக்கு. படத்த முடிச்சுட்டுப் போறது அவ அம்மாவோட ஆசையும்தானே? திரை விழட்டும், டோரி."

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது வசதியாக இருந்திருக்கும். நல்ல மனிதர், ஒரு வழக்கத்தை நம்பிய நல்ல மனிதர். நாடகத்துக்குத் திரை உண்டு, அது சொன்ன நேரத்தில் விழும். படப்பிடிப்புக்கு எந்தத் திரை? சூரியன் மனது வைக்க வேண்டும், கேமராக்காரர் மனது வைக்க வேண்டும். இது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது.

வெயில் இருந்தால்தான் முன்பு எடுத்ததோடு பொருந்தும் என்று இயக்குநர் காஸ்டெல்லானோ வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மேகம் விலகும், ஓடிப்போய் நிற்பார்கள், பாட்டு பாதி போகும்போது மறுபடி மூடும். வாசலில் வண்டி நின்றுகொண்டே இருந்தது. சால் அங்கிள் வண்டிக்கும் துறைக்குமாக நடந்து நடந்து களைத்துப்போனார். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு நேரம் காத்திருந்தாயிற்று, இப்போது விட்டால் காத்திருந்தது அத்தனையும் வீண் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த நினைப்புதான் மனிதனை மூழ்கடிக்கிறது.

துறையின் ஓரத்தில் டோரியும் இலானாவும் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இலானா தண்ணீரில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இன்னைக்கு போன் உன் முறைதானே? எனக்கு ஏதாவது வந்துச்சா?"

டோரி வண்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம், நாலே வார்த்தை. சொன்னால் இலானா எழுந்து ஓடுவாள். அவள் ஓடினதும் இயக்குநர் திரும்பி டோரியைப் பார்ப்பார், உடையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். கரையில் நிற்கிற அத்தனை பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கடைசி நாளில் பார்த்துக் காரியம் சாதித்துவிட்டாள் கழுகு என்பார்கள். சால் அங்கிளே வாயை மூடியிருக்கும்போது உனக்கென்ன அவசரம் என்பார்கள்.

"திரை விழட்டும்," என்றாள் டோரி.

இலானா சிரித்துவிட்டாள். "ஓ, அப்ப வந்திருக்கு. ட்ரம்பெட் வாசிக்கிற அந்தப் பையன் பேசினானா? சொல்லேன்டி."

"விழட்டும்டி."

"போடி கழுகு," என்று இலானா அவளைத் தோளால் இடித்தாள்.

ஆறு மணியைத் தாண்டிய பிறகு வெயில் வந்தது. சாய்ந்த வெயில், தேன் நிறம். இலானா அந்தக் கோடையிலேயே அன்றைக்குத்தான் அவ்வளவு அழகாக, அவ்வளவு சந்தோஷமாகப் பாடினாள். துறையே அதிரக் கை தட்டினார்கள். டோரியும் தட்டினாள். சால் அங்கிள் கை தட்டவில்லை. நேராகப் போய் இலானாவின் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போனார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. முகப்பூச்சோடும் படத்து உடையோடும் இலானா வண்டிக்கு ஓடினது மட்டும் தெரிந்தது. ஒரு செருப்பு புல்லில் கிடந்தது. டோரி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அதற்குள் வண்டி போய்விட்டது.

செருப்பை வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றவளுக்கு, உள்ளே போன் மணி அடிப்பது கேட்டது.

"கிளம்பிட்டாளா?" இலானாவின் அப்பாதான்.

"இப்பத்தான் கிளம்பினாங்க."

"இப்பத்தானா?"

டோரி கையிலிருந்த செருப்பை மேசைமேல் வைத்தாள். "சரிம்மா. வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு. இனி அவசரமில்ல," என்றார்.

யாரிடம் சொல்வது? செல்போன் இல்லாத காலம். அந்த வண்டி இரண்டரை மணி நேரமும் தலைதெறிக்கத்தான் ஓடியிருக்கும்.

வெளியே அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெயில் இருக்கும்போதே தூரத்திலிருந்து ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்று காஸ்டெல்லானோவுக்குத் தோன்றியிருக்கிறது. முகம் வேண்டாம், முதுகு போதும். முகாமைவிட்டுப் பிரிகிற பெண் துறையின் நுனிவரை நடக்க வேண்டும். மாற்று உடையை மாட்டிவிட்டார்கள். கோடை முழுக்க ஏங்கிய இடத்தில் டோரி நடந்தாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. இலானாகூட இப்படி நடந்திருக்க மாட்டாள் என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். டோரி படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

இலானா வீட்டில் யூத முறைப்படி நடந்த ஏழு நாள் துக்கத்துக்குச் சால் அங்கிள் போய்வந்தார். டோரி போகவில்லை. செருப்பை மட்டும் தபாலில் அனுப்பினாள். அதோடு ஒரு வரி எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தாள், முடியவில்லை.

வசந்தத்தில் மன்ஹாட்டனில் ஒரு சின்னத் திரையரங்கில் நடித்த பிள்ளைகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இலானா அப்பாவோடு வந்திருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கடைசிப் பாட்டில் அவள் முகம் திரை முழுக்கச் சிரித்தது. அரங்கமே கூடப் பாடியது. அந்தச் சிரிப்பு எந்த நேரத்துச் சிரிப்பு என்று தெரிந்த சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அந்த முதுகு மெல்ல நடந்து துறையின் நுனிக்குப் போய் நின்றது. படம் முடிந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா டாக்சி பிடிக்கப் போயிருந்தார். இலானாவே டோரியிடம் வந்தாள்.

"அது நீதானே, கடைசில?"

"ஆமா."

"போனை எடுத்ததும் நீதான். அப்பா சொன்னார். மதியமே."

"ஆமா."

"கேட்டேனேடி நான். துண்டுக்குள்ள உக்காந்து கேட்டேனே."

டோரி பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த விளக்கமெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. சால் அங்கிள் சொன்னார், வழக்கம் அது, மேகம் வந்தது. வாயில் உண்மைதான் வந்தது.

"நீ என்னைக் கழுகுன்னு சொல்லுவேன்னு பயந்துட்டேன்."

இலானா அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. அப்பா டாக்சியிலிருந்து கூப்பிட்டார்.

"சொல்லியிருப்பேன்," என்றாள் இலானா. "சொல்லிக்கிட்டே வண்டியில ஏறியிருப்பேன்."