சந்தனம் பூசிய தலை

என் மனைவி சண்முகவள்ளி காய்ச்சும் கூந்தல் தைலத்துக்குத் திண்டுக்கல்லில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது என் தலை.

முப்பது வயதிலேயே உச்சி சுத்தமாகக் காலி. நாகல் நகரில் நாங்கள் தெருவோரத்தில் போட்டிருக்கும் கடைக்கு வருகிறவர்கள் தைலத்தை முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரக்கில் ஒரு குறையும் கிடையாது. கரிசலாங்கண்ணியை வயல் வரப்பில் பறித்து வந்து அவளே இடித்துச் சாறு எடுப்பாள். நெல்லிக்காய், கறிவேப்பிலை, செம்பருத்தியோடு அது தேங்காயெண்ணெயில் கொதித்து அடங்கியதும், ஒரு திரியில் தொட்டுக் கொளுத்துவாள். படபடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறதென்று மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். அந்தப் பொறுமை எனக்குச் சாப்பிடும்போதுகூட வராது.

அதனால்தான் ஒரு வேலை செய்தேன். ஓரத்தில் மிச்சமிருந்த முடியையும் வழித்துவிட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் மொட்டையும் சந்தனமுமாக ஒருவனைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பழனியாண்ணே?"

நான் தலையை ஆட்டுவேன். மொட்டைக்குள் வழுக்கை ஒளிந்திருப்பது யாருக்குத் தெரியும்? வியாபாரம் சூடு பிடித்தது. வள்ளிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"முருகனையும் பொய்க்குக் கூட்டுச் சேக்குறீங்க" என்று முணுமுணுப்பாள்.

போன வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து வேலுசாமி வந்தார். பெரிய மளிகைக் கடைக்காரர். அவர் சரக்கு எடுத்தால் நாங்கள் வெயிலில் நின்று கூவி விற்க வேண்டியதில்லை. தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். என் தலைக்கு அண்ணன் தலை.

"ஏனுங்க, கடைக்கு எடுக்கறது இருக்கட்டுங்க. இதத் தேச்சா எனக்கு முடி முளைக்குமுங்களா?"

"கண்டிப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். வள்ளி முந்திக்கொண்டாள். துண்டைக் குடத்தில் நனைத்து என் தலையை அழுத்தித் துடைத்தாள். சந்தனம் போய் வழுக்கை பளபளத்தது.

"இது பழனி மொட்டை இல்லைங்க, வழுக்கை. இந்தத் தைலம் தேச்சா மண்டை வறட்சி போகும், முடி முறியாம இருக்கும். போன முடியக் கொண்டாராது. கொண்டாரும்னா மொதல்ல இவருக்குக் கொண்டாந்திருக்க மாட்டேனா? நீங்க தோல் டாக்டர்கிட்டக் காட்டுங்க."

வேலுசாமி என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரிங்க, வாரேனுங்க" என்று போய்விட்டார். எடுக்கவிருந்த சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் கடையையே கவிழ்த்திருப்பேன்.

"கைக்கு வந்ததக் கெடுத்துட்டியேடி."

"அந்த மனுசன் தொப்பியக் கழட்ட எம்புட்டுக் கூச்சப்பட்டாரு, பாத்தீங்கள்ல? வாங்கிட்டுப் போயி தெனம் கண்ணாடியில தேடிக்கிட்டு நிப்பாரு. நீங்க அப்படித் தேடினப்ப நான் பின்னால நின்னு பாத்துருக்கேன்."

அவள் பார்த்தது அதுவரை எனக்குத் தெரியாது. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று பெருமையாக இருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். "கொத்துக் கொத்தாக் கொட்டுதுண்ணே. இது கேக்குமா?"

"எங்கிட்டக் கேக்காதம்மா" என்றேன். "அவகிட்டக் கேளு. அவ பொய் சொல்ல மாட்டா."